அடுப்பில்லாமல் சமைத்துப் பார்த்த கதை: லொறி என்ஜினிலிருந்து தேயிலைப் பெட்டி வரை

முதலில் மீற்றர்தான் பழுது என்று நினைத்தேன். கேத்தலில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது, உள்ளே விட்ட வெப்பக் கம்பி 95.7 பாகை என்கிறது. தண்ணீர் நூறில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்ததை மறப்பதா, கடையில் காசு கொடுத்து வாங்கிய மல்டிமீட்டரை நம்புவதா? கடைக்காரரிடம் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வேறொன்று மாற்றிக்கொண்டு வந்தேன். அதுவும் 95.7 ஐத் தாண்ட மறுத்தது.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் மகள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நாங்கள் மலை மேல் இருக்கிறோம்."

இலங்கை மலைநாட்டில், கொட்டகலையில் வாகனம் திருத்தும் சின்னக் கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் கடல்மட்டத்திலிருந்து 1250 மீற்றரை ஒட்டிய உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் தண்ணீரின் கொதிநிலையும் இறங்குகிறது. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொளை 1891 மீற்றரில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93.6 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் ஏறாது. "உங்கள் வீட்டில் மட்டும் கடலை ஏன் இவ்வளவு நேரம் வேகிறது?" என்று கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் கடலையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கடைக்காரரிடம் மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அவரும் நம்பவில்லை. தன் கடைக் கேத்தலில் கம்பியை விட்டுப் பார்த்த பிறகுதான் என்னோடு தேநீர் குடித்தார்.

இந்த 95.7 ஐ முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கீழ்நாட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லும் நேரக்கணக்கு எதுவும் இங்கே அப்படியே பொருந்தாது. பின்னால் ஒரு நாள் சூட்டுக் கணக்கை மறந்ததால்தான் மூன்று பேர் வாந்தியெடுத்தோம்.

எல்லாம் தொடங்கியது 2022 இல். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிவாயு சிலிண்டருக்கு விடியற்காலையிலிருந்து வரிசை. ஏப்ரல் முடிவில் 12.5 கிலோ சிலிண்டர் 4860 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் கையில் கிடைக்கவில்லை. அதற்கு முந்திய நவம்பரில் நாட்டின் பல பக்கங்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்தி கேட்டதிலிருந்தே அம்மா சிலிண்டரைக் குசினிக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டாள். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு விறகு பெரிய விஷயமில்லை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு என்கிற வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டித் தலையில் சுமந்து வந்து சமைத்தவள். நாங்கள் இருப்பதோ கடைத்தெரு. மிலாறுக்கு எங்கே போவது? கராஜில் சூடாக இருப்பது என்னென்ன என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

மச்சான் நுவரெலியாவிலிருந்து கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு ஏற்றும் டீசல் லொறி ஓட்டுகிறான். "என்ஜினில் கோழி வேகும், நான் கேள்விப்பட்டிருக்கிறேன்" என்று அவன்தான் முதலில் தூண்டினான். கேள்விப்பட்டவரையில் உண்மைதான். எரிந்த வாயு என்ஜினை விட்டு வெளியேறும் வாயிலில் இருக்கிற மெனிபோல்ட் என்ற வார்ப்பிரும்புக் குழாய், ஏற்றத்தில் சுமையோடு இழுக்கும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடேறும். ஆனால் டீசல் என்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. சும்மா நின்று உறுமும்போது காற்றை நிறைய இழுத்து எரிபொருளைக் கொஞ்சமாகத்தான் எரிக்கும். அதனால் புகைக்குழாயில் பெரிய சூடு இருக்காது. கராஜ் வாசலில் 20 நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அளந்தேன். மெனிபோல்ட்டின் மேல்பக்கம் 112 பாகை. அதே இடம், லிந்துலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்தபோது 300 ஐத் தாண்டியது. ஆக அடுப்பின் திரியைத் தூண்டுவதும் தணிப்பதும் வீதியின் கையில் இருக்கிறது, சமைப்பவன் கையில் இல்லை.

கோழித் துண்டுகளுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவினேன். புளி சேர்க்கவில்லை. புளியோ கொறுக்காயோ சூட்டில் அலுமினியத் தாளை அரிக்கும். அரித்த அலுமினியம் கறியோடு வயிற்றுக்குத்தான் போகும். முதலில் வாட்டிய வாழையிலை, அதன் மேல் இரண்டு சுற்று அலுமினியத் தாள், வெளியே மெல்லிய கம்பிக் கட்டு. காற்றாடிப் பட்டியிலிருந்தும் பற்றரி முனைகளிலிருந்தும் ஒரு முழம் தள்ளி, அசையாமல் இறுக்கினேன். தளர்ந்த அலுமினியத் தாள் ஒன்று பற்றரியின் இரு முனைகளையும் தொட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் பயணம் கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்கு, வெறும் வண்டி. டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கம் வீதி பெரும்பாலும் வளைவும் இறக்கமுமாக இருந்தது. 40 நிமிடம் கழித்துப் பொட்டலத்தைப் பிரித்தால் வெளியே வெந்த நிறம், எலும்போரம் ரோஜா நிறம். கம்பியைக் குத்தினேன்: 52 பாகை. கோழி உள்ளே 74 பாகையைத் தொட வேண்டும். அதற்குக் கீழே சல்மொனெல்லா போன்ற கிருமிகள் தப்பிவிடும். 52 என்பது சமைத்த சூடும் இல்லை, குளிரும் இல்லை, கிருமிகளுக்கு மெத்தை விரித்துக் கொடுத்த சூடு. மச்சான் "மேலே போய் வேகட்டும்" என்றான். அரைகுறையாக வெந்ததை ஒரு மணித்தியாலம் வெதுவெதுப்பில் வைத்து மறுபடி வேகவைக்கும் வேலை வேண்டாம் என்று வீதியோரம் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றைக்கு இருந்த கோழி விலையில் அது இலேசான காரியம் இல்லை. மச்சான் நானுஓயா வரை பேசவில்லை.

இரண்டாம் முறை ஏற்றம் தொடங்கும் இடத்தில்தான் பொட்டலத்தை வைத்தோம். நுவரெலியா போய்ச் சேர்ந்தபோது உள்ளே 79 பாகை, வெளியே ஒரு பக்கம் கரி. வெந்துவிட்டது. சாப்பிட வாயருகே கொண்டுபோனால் டீசல் வாடை. மெனிபோல்ட்டை மறுபடி பார்த்தேன். இணைப்பு ஓரத்தில் கறுப்பு மை தடவியது போல் ஒரு கோடு. இணைப்பை அடைக்கும் கேஸ்கட் கசிந்து புகை வெளியே வந்த அடையாளம் அது. வாகனம் திருத்துவதே தொழிலாக உள்ளவன் அதை முன்பே பார்த்திருக்க வேண்டும், கோழியின் மேலேயே கண்ணாக இருந்துவிட்டேன். பத்து வயது தாண்டிய லொறிகளில் இந்தக் கறுப்புக் கோடு இல்லாததைக் காண்பது அரிது. எண்ணெய் கசிந்து மெனிபோல்ட்டில் சொட்டும் வண்டிகளும் உண்டு. அங்கே பொட்டலம் வைப்பது தீயை விலைக்கு வாங்குவது.

இடையில் மச்சான் இன்னும் இரண்டு யோசனை வைத்திருந்தான். திறக்காத டின் மீனை அப்படியே என்ஜினில் வைப்பது ஒன்று. உள்ளே ஆவி கட்டி டின் வெடித்தால் சிதறுவது கொதிக்கும் குழம்பு. ரேடியேட்டர்த் தண்ணீரில் முட்டை அவிப்பது மற்றொன்று. தெர்மோஸ்டாட் 80 பாகைக்குமேல் திறப்பதால் முட்டை அவியத்தான் செய்யும். ஆனால் அதிலிருக்கும் பச்சை நிற கூலன்ட் எத்திலீன் கிளைக்கோல். இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தைத் தின்றுவிடும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்று சொன்னதும் அந்த யோசனையைக் கைவிட்டான்.

வீட்டுக்குள் மின்சாரம் வரும் சில மணித்தியாலங்களில் இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக இரண்டு செங்கற்களுக்கிடையில் நிறுத்தி ரொட்டி சுட்டுப் பார்த்தேன். பருத்தித் துணிக்கான அளவில் தட்டு 190 பாகை வரை போனது. ரொட்டிக்குப் போதும். ஆனால் தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டியை வைத்ததும் சூடு இறங்கியது, தானியங்கிச் சுவிட்ச் கிளிக் கிளிக்கென்று அடித்துக்கொண்டது, ஒரு பக்கம் சிவக்க 11 நிமிடம். ஐந்து பேர் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிய விடிந்துவிடும். தேங்காய் எண்ணெய் ஓரமாக வழிந்து உள்ளே மின்கம்பிச் சுருளைத் தேடிப் போவதைப் பார்த்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். பல லயக் காம்பராக்களில் சுவர் பிளக்குக்குப் புவித்தொடுப்பே கிடையாது, ட்ரிப் சுவிட்சும் கிடையாது. உலோகத் தட்டுக்கு மின்சாரம் கசிந்தால் 230 வோல்ட்டும் ரொட்டி திருப்பும் கைக்குத்தான் வரும். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது, கட்டைச் சம்பலோடு சாப்பிட்டோம். மறுநாள் மகளின் வெள்ளைச் சீருடையில் எண்ணெய்க் கறை. அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

சுண்ணாம்பு யோசனை மகளுடையது. நீறாத சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் சூடு பிறக்கும், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1160 கிலோயூல் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். மச்சான் உடனே ஒரு தோட்டத்து நண்பரிடமிருந்து சாக்கில் "சுண்ணாம்பு" கொண்டுவந்தான். தண்ணீர் ஊற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஊற்றினோம். குழைந்த சேறுதான் மிச்சம். அவன் கொண்டுவந்தது தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைட். அது சுடாத கல்லின் தூள். சூளையில் சுட்டு, உள்ளிருக்கும் காபனீரொட்சைட்டை விரட்டிய கல்தான் தண்ணீரோடு கொதிக்கும்.

மாத்தளைப் பக்கத்துச் சூளையிலிருந்து சரியான சரக்கு வந்த பிறகு, பெரிய பால்மா டின்னுக்குள் சின்ன டின்னை இறக்கி, இடைவெளியில் 600 கிராம் சுண்ணாம்புக் கட்டிகளை நிரப்பி, சின்ன டின்னில் அரை லீற்றர் தண்ணீரும் இரண்டு முட்டையும் வைத்தேன். வெளியே தண்ணீர் விட்டதும் சில நிமிடம் அமைதி. பிறகு கட்டிகள் வெடித்துப் பொரிந்து, புளித்த மாவைப் போல் பொங்கின. சின்ன டின் தண்ணீர் 84 பாகை வரை ஏறியது. முட்டை அரைவேக்காடு. கணக்குப்படி இதற்கு 150 கிராமே போதும், மிச்சச் சூடெல்லாம் ஆகாயத்துக்கு. அதை விடுங்கள். பொங்கிய நேரத்தில் ஒரு பொட்டு என் பாதுகாப்புக் கண்ணாடியில் தெறித்து வெள்ளையாக ஒட்டியது. வெல்டிங் வேலைக்காகப் பழகிய கை தானாகவே கண்ணாடியை மாட்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்தக் காரம் கண்மணியில் விழுந்திருக்கும். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் சூட்டோடு காரமும் சேர்ந்து தின்னும். மூடியை இறுக்கி மூடியிருந்தால் டின்னே வெடித்திருக்கும். மிச்சச் சுண்ணாம்பை நீற்றிக் கராஜ் சுவருக்கு அடித்தேன். நல்ல வெள்ளை.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்துப்போய் என்னை மிகவும் பயமுறுத்திய சாமான்: லொறியின் பழைய பிரேக் டிரம். வார்ப்பிரும்பு, தடித்த சுவர், நடுவில் காற்றுக்கு ஓட்டை. அடுப்பாகவே வார்த்தது போல் இருக்கும். ஆனால் அதற்குள் வருடக்கணக்காகத் தேய்ந்த பிரேக் லைனிங் தூள் படிந்திருக்கிறது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டோஸ் சேர்த்திருந்தார்கள். காய்ந்த தூளைக் காற்றடித்து ஊதினால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். அதனால் ஈரத் துணியால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துணியைப் பொலித்தீனில் கட்டி எறிந்தேன். பிறகு கிரீஸ் போக, திறந்த வெளியில் ஒரு முழு நாள் விறகு போட்டு எரித்தேன். சிலர் நாக (சிங்க்) முலாம் பூசிய வாளியை அடுப்பாக்குகிறார்கள். அதில் பளபளக்கும் நாகம் கடுஞ்சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். வெல்டிங் செய்பவர்களுக்கு அந்தப் புகைக் காய்ச்சல் நன்றாகத் தெரியும். நடுக்கமும் தாகமும் வாயில் தகரச் சுவையுமாக ஒரு இரவைக் கெடுத்துவிடும்.

டிரம்மில் சிரட்டைக் கரி போட்டால் சோறு, கறி, ரொட்டி எல்லாம் ஆகும். சூட்டுக்குக் குறையே இல்லை. ஆபத்து வந்தது சமையல் முடிந்த பிறகு. ஜூன் மாதம், அடைமழை, குளிர். மச்சான் குடும்பமும் வீட்டில். இரவு சமைத்து முடித்ததும் டிரம்மில் கரி செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. வீணாகப் போவானேன் என்று இரண்டு பேர் சாக்கைப் பிடித்து அறைக்குள் தூக்கி வைத்தோம். கதவை மூடிக் கதை பேசினோம். கைகால் எல்லாம் இதமாக இருந்தது. அரை மணித்தியாலத்தில் மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தலை கனக்கிறதுங்க" என்றாள். மச்சானின் சின்னவன் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டான். எழுப்பினால் எழவில்லை, முனகினான்.

"புகையே இல்லையே" என்றான் மச்சான்.

புகை இல்லாததுதான் ஏமாற்று. விறகுப் புகை கண்ணைக் கரித்து, இருமவைத்து, ஆளை வெளியே துரத்தும். கனலும் கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் உட்காரும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு உட்கார்ந்துகொள்ளும். வருத்தமாகத் தொடங்கி, தூக்கம் போல் வந்து, தூக்கத்திலேயே முடித்துவிடும். மூடிய கராஜில் என்ஜினை ஓடவிடாதே என்று பழகுநர்களுக்கு நாளெல்லாம் சொல்கிறவன், அதே வாயுவை டிரம்மில் வைத்து வீட்டுக்குள் தூக்கி வந்திருக்கிறேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து பிள்ளையை இஸ்தோப்பில் மழைக் காற்றில் கிடத்தினோம். பத்து நிமிடத்தில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். ஆனாலும் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். போக வேண்டியதுதான், வெளியே தெளிந்தது போலிருந்தாலும் இரத்தத்திலிருந்து அது முழுதாக இறங்க நேரமாகும். மலைநாட்டுக் குளிரில் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைப்பது பரம்பரைப் பழக்கம். பழைய லயங்களில் ஓட்டு இடுக்கிலும் தகர இடுக்கிலும் காற்று வந்துபோனது. இப்போது சிலேப் போட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு அடைத்த வீடுகளில் அந்தப் பழக்கத்துக்கு மன்னிப்புக் கிடையாது. பிரேக் டிரம் இன்னும் இருக்கிறது. கராஜுக்குப் பின்னால், கூரை மட்டும் உள்ள இடத்தில், நிலத்தில் பதித்துச் சீமெந்து போட்டுவிட்டேன். இனி யாரும் தூக்க முடியாது.

கடைசியில் வீட்டில் நிலைத்தது தேயிலைப் பெட்டி. அதில் நெருப்பே இல்லை.

இப்போது தேயிலை காகிதச் சாக்குகளில் போகிறது. முன்பு ஒட்டுப்பலகைப் பெட்டி, ஓரங்களில் தகரப் பட்டி, உள்ளே வெள்ளித்தாள். அம்மா சேலைகளை வைத்திருந்த பெட்டி அப்படிப்பட்டது, இரண்டடி உயரம். கொதித்த பானையைச் சூடு போகாமல் அடைத்து வைத்தால் மிச்ச வேக்காட்டைப் பானையே பார்த்துக்கொள்ளும் என்பது பழைய தந்திரம். மற்ற ஊர்களில் வைக்கோல் போடுவார்கள். நான் தச்சுப் பட்டறையிலிருந்து சீவல் வாங்கித் தலையணை உறைகளில் அடைத்தேன். அடியில் ஒன்று, சுற்றிலும் நான்கு, மேலே ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல் அம்மா கொழுந்து பறித்த காலத்தில் மழைக்குப் போர்த்திய கறுத்த கம்பளி. "அதைத் தொடாதே" என்றவள், பானையைச் சுற்றிக் காட்டியதும் தானே எடுத்து இறுக்கிவிட்டாள்.

வெள்ளித்தாளைப் பற்றி ஒரு கவனம். மிகப் பழைய பெட்டிகளில் ஈயத் தகடு வைத்திருந்தார்கள். பற்றரி வேலை செய்த கைக்கு ஈயம் உடனே பிடிபடும்: கனமாக இருக்கும், நகத்தால் கீறினால் பள்ளம் விழும், வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும். அம்மாவின் பெட்டியில் இருந்தது மெல்லிய அலுமினியம். கோடு விழவில்லை.

மூன்று லீற்றர்ப் பானை நிறையச் சாம்பார் வைத்துக் கொதிக்கவிட்டு, அதே கொதியில் பெட்டிக்குள் இறக்கினேன். கம்பியை மூடி இடுக்கால் உள்ளே விட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குறித்தேன். தொடக்கம் 95. ஒரு மணித்தியாலத்தில் 90, இரண்டில் 85, நான்கில் 77, ஆறில் 69, எட்டில் 62. எட்டு மணித்தியாலம் கழித்துத் திறந்தபோதும் ஆவி முகத்தில் அடித்தது. அதே பெட்டியில் ஒரு லீற்றர்ச் சட்டி வைத்தால் நான்கு மணித்தியாலத்திலேயே 58. சின்னப் பானைக்கு அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் புறப்பரப்பு அதிகம், சூட்டுச் சேமிப்புக் குறைவு. பானை நிறைந்திருக்க வேண்டும், இதுதான் பெட்டியின் பெரிய இரகசியம். 60 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் அது சமையல் இல்லை, கிருமி வளர்ப்பு. சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் கிடக்கும், வெதுவெதுப்பு வந்ததும் முளைத்து நஞ்சு கக்கும். அந்த நஞ்சைத் திரும்பக் கொதிக்கவைத்தும் அழிக்க முடியாது. காலைச் சோற்றைப் பெட்டியில் வைத்து மறந்து இரவு சூடாக்கிச் சாப்பிடும் வேலை ஆகாது.

பருப்பு, சோறு, கடலை, மாட்டிறைச்சி எல்லாம் ஆனது. தலைக்கனம் வந்தது. வேலியில் முற்றிக் காய்ந்த போஞ்சியின் சிவப்பு விதைகளை அம்மா சேர்த்து வைத்திருந்தாள். இரவு ஊறப்போட்டு, காலையில் சின்னச் சட்டியில் கொதி வந்ததும் உடனே இறக்கிப் பெட்டியில் வைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து 81. மதியம் எடுத்தேன். விதை மெத்தென்று நசுங்கியது, தேங்காய்ப்பாலில் கறி அருமை. நானும் மகளும் மச்சானும் சாப்பிட்டோம். அம்மாவுக்குப் பல் வலி, தொடவில்லை.

இரண்டு மணித்தியாலத்தில் மகள் ஓடினாள். பின்னால் நான். மச்சான் தலவாக்கலைப் பாதையில் லொறியை ஓரம் கட்டினானாம். குடலைக் கழற்றி வெளியே போடுவது போல் வாந்தி. மாலைக்குள் எல்லோருக்கும் தெளிந்துவிட்டது. கெட்டுப்போன தேங்காய்ப்பால் என்று மச்சான் சாதித்தான். மகள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். சிவப்புப் போஞ்சி விதையில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. பச்சை விதை நாலைந்தே ஆளைக் கவிழ்க்கப் போதும். நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஆனால் 80 பாகையளவில் மெதுவாக வெதும்பினால் நஞ்சு அழியாது, பச்சை விதையைவிட ஐந்து மடங்கு வரை கூடியும் போகலாம். என் குறிப்பேட்டில் 81 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மெத்தென்று வெந்ததால் வெந்துவிட்டது என்று நினைத்தேன். நஞ்சுக்கு மெத்தென்பதைப் பற்றிக் கவலையில்லை.

இப்போது போஞ்சி விதை சமைக்கும் முறை இது: எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளக்க அரை மணித்தியாலம் கொதி. கொதி வந்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். எங்கள் கொதி 95.7 தான் என்பதால் இன்னும் பத்து நிமிடம் கூட வைக்கிறேன். பிறகுதான் பெட்டி. பிரஷர் குக்கர் உள்ளவர்கள் அதில் நன்றாக வேகவைத்தால் இந்த மலைக் கணக்கே தேவையில்லை. அழுத்தத்தில் உள்ளே 110 ஐத் தாண்டிவிடும்.

மரவள்ளியைப் பெட்டிக்குள் மூடி வைப்பதில்லை. அதில் சயனைட்டு வகை நஞ்சு இருக்கிறது. தோலைச் சீவி, வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்காதே என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கேட்டு வளர்ந்தவன்தான் நானும். இஞ்சி பாவம், பழி முழுவதையும் சுமக்கிறது. அரைவேக்காட்டு மரவள்ளியை யாரும் குற்றம் சொல்வதில்லை.

எரிவாயு மறுபடி கிடைக்கத் தொடங்கிய பிறகும் பெட்டி குசினியில்தான் இருக்கிறது. எங்கள் ஐந்து பேர் வீட்டில் ஐந்து வாரம் வந்த சிலிண்டர் இப்போது ஏழு வாரத்தை எட்டுகிறது. கம்பளிக்கு வெளியே ஒரு துணி உறை தைத்தாயிற்று. சீவல் மாதம் ஒரு முறை வெயிலில் காய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் மணக்கும். பிள்ளைகளுக்குப் பழைய கம்பி போதவில்லை என்று மகள் நேரம் ஆனதும் ஒலிக்கும் சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டாள். அதுவும் கொதிநீரில் 95.7 தான் காட்டுகிறது.

மச்சானுக்கு லொறி கெபினில் வைக்க ஒரு பெட்டி வேண்டுமாம். போன மாதம் எங்கோ பழைய சாமான் கடையில் தேடி ஒன்றைத் தோளில் தூக்கி வந்தான். நல்ல பலகை, தகரப் பட்டிகூட துருப்பிடிக்கவில்லை. தூக்கிப் பார்த்தேன், பலகைக்கு மிஞ்சிய கனம். உள்தகட்டின் ஒரு மூலையைக் கணக்குப் புத்தகத்து வெள்ளைத் தாளில் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. பெட்டியைப் பொலித்தீனில் சுற்றிக் கராஜின் பின்சுவரோரம் வைத்திருக்கிறேன். அவன் வேறொன்று தேடுகிறான்.